ஒரே 84, ரெண்டு பள்ளிக்கூடம்: சின்ன ஊர்ப் பெற்றோருக்கு மதிப்பீட்டை எப்படிச் சொல்வது?

2025 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. டெக்சஸ் கல்வித்துறை பள்ளிகளுக்கான ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளை அன்றைக்குத்தான் வெளியிட்டது, அதுவும் 2024, 2025 என்று ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து. மதியத்துக்குள் எங்கள் ஊர்த் தமிழ் வாட்ஸப் குழுவில் காலையில் போட்ட சுதந்திர தின வாழ்த்துகள் எல்லாம் எங்கேயோ மேலே போய்விட்டன. யார் பள்ளிக்கு என்ன வந்தது, யார் பள்ளிக்கு இறங்கியது, இதே பேச்சு. அதற்கு நடுவில் எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. திருப்பூரிலிருந்து வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகாத குடும்பம். இங்கே குடியிருக்கிற முகவரியை வைத்துத்தான் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்பது அமையும். "அக்கா, நாங்க பாத்து வெச்ச வீட்டுக்கு வர்ற ஸ்கூல் சி போட்டிருக்கு. அட்வான்ஸ் இன்னும் குடுக்கல. விட்டுடலாமா?"

விட்டுவிடு, விடாதே என்று ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். முந்தைய வருஷங்களில் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன், அதில் ரெண்டு குடும்பத்தைத் தப்பாக வழிநடத்தியிருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஊர் மேற்கு டெக்சஸில் இருக்கிறது. சுற்றிலும் பருத்திக் காடு, பருத்தி முடிகிற இடத்தில் காற்றாலை. ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது பார்ப்போமே அதே காட்சி, மலை மட்டும் கிடையாது. தமிழ்க் குடும்பங்கள் முப்பது சொச்சம். பாதிப் பேர் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தவர்கள், மீதி காற்றாலை, கல்லூரி என்று சிதறல். டாலஸ் பக்கத்து ஃப்ரிஸ்கோ மாதிரி தெருவுக்கு நாலு தமிழ் வீடு இருந்தால் யாராவது ஒருத்தருக்கு எல்லாம் தெரிந்திருக்கும், இங்கே அப்படி இல்லை. சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடத்துகிறேன் என்கிற ஒரே தகுதியில் இந்தக் கேள்விகள் என்னிடம் வருகின்றன. சரி, இந்த மதிப்பீட்டைப் பெற்றோருக்கு எப்படிச் சொல்வது என்று நாலைந்து வழிகளை நாங்களே முயன்று பார்த்துவிட்டோம். எது தேறும், எது தேறாது என்று எழுதி வைத்தால் உங்கள் ஊரில் யாருக்காவது உதவும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. பள்ளிகளுக்கே ஏ, பி, சி போடும் பழக்கத்தை 1999ல் ஃபுளோரிடா தொடங்கியது. டெக்சஸ் 2017ல் சட்டம் போட்டு, 2018ல் பள்ளி மாவட்டங்களுக்கும் (ஒரு பகுதியின் பள்ளிகளை மொத்தமாக நடத்துகிற நிர்வாகம்), 2019ல் ஒவ்வொரு பள்ளிக்கும் எழுத்து கொடுத்தது. 2020, 2021 ரெண்டும் கொரோனாவில் போயின. 2022ல் ஏ, பி, சி மட்டும்தான். அதற்குக் கீழே வந்தவர்களுக்கு மதிப்பீடு இல்லை என்று போட்டுவிட்டார்கள். 2023ல் விதிகளை மாற்றியதும் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கின. அந்த 2023 மதிப்பீடு 2025 ஏப்ரலில்தான் வெளியே வந்தது. நாலு மாதத்துக்குள் மூன்று வருஷத்து எழுத்துகளும் வந்து விழுந்தன என்றால், எந்த வருஷத்தை யார் சொல்கிறார்கள் என்பதிலேயே பாதிக் குழப்பம். எங்கள் குழுவில் ஒருவர் 2023ஐயும் இன்னொருவர் 2025ஐயும் வைத்துக்கொண்டு ஒரே பள்ளியைப் பற்றி அரை மணி நேரம் சண்டை போட்டார்கள்.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

எல்லாரும் முதலில் செய்வது, எழுத்தை மட்டும் பட்டியலாகப் போட்டுவிடுவது. நானும் அதைத்தான் செய்தேன். ரெண்டு நிமிஷ வேலை, எல்லாருக்கும் போய்ச் சேரும், யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். விளக்கம் கேட்காததுதான் கோளாறே. நம் ஆட்களுக்கு ரிசல்ட் என்றால் மனசில் ஓடுவது பத்தாம் வகுப்பு ரிசல்ட் நாள், 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பள்ளி வாசலில் கட்டிய பேனர். தமிழ்நாட்டிலேயே மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கிற பழக்கத்தை 2017ல் நிறுத்திவிட்டார்கள், ஆனால் நமக்குள்ளே அது நிற்கவில்லை. ஏ என்றால் கெட்டிக்காரப் பிள்ளைகள் படிக்கிற இடம், சி என்றால் சுமார் பிள்ளைகள் படிக்கிற இடம் என்று எடுத்துக்கொள்கிறோம். இந்த எழுத்து அதைச் சொல்லவே இல்லை. சில பள்ளிகளுக்கு அதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறது. அதைக் கீழே கணக்கோடு காட்டுகிறேன்.

இரண்டாவது, வீடு தேடுகிற செயலியில் பள்ளிப் பெயருக்குப் பக்கத்தில் வருகிற பத்துக்கு எத்தனை என்கிற எண். ஸில்லோவில் தெரிகிற அந்த எண் அரசாங்கம் கொடுப்பது இல்லை, க்ரேட்ஸ்கூல்ஸ் என்கிற லாப நோக்கமற்ற அமைப்பு போடுவது. அவர்களும் அரசுத் தேர்வு எண்களைத்தான் எடுக்கிறார்கள், ஆனால் கலவை வேறு. அதனால் அரசு பி கொடுத்த பள்ளிக்கு அங்கே 4 இருக்கும். பார்க்கிறவர் ஏதோ ஒன்று பொய் என்று நினைப்பார். நிச் என்கிற தளத்துக்குப் போனால் இன்னொரு எழுத்து, அதில் பெற்றோர் எழுதும் கருத்துகளும் சேரும். பெரிய நகரத்தில் நாற்பது பள்ளிகளை வடிகட்ட இது உதவும் என்று ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் மொத்தமே கைவிரலில் எண்ணுகிற பள்ளிகள். ஒரு பள்ளிக்கு மூன்றே மூன்று கருத்து இருக்கும், அதில் ஒன்று மதிய உணவு பீட்சாவைப் பற்றி. வடிகட்ட என்ன இருக்கிறது? எங்களுக்கு இந்த வழி குழப்பத்தைத்தான் கூட்டியது, விட்டுவிட்டோம்.

மூன்றாவது, பள்ளி மாவட்டமே சொல்லட்டும் என்று விடுவது. ஆண்டு அறிக்கையைப் பொதுமக்கள் முன்னால் வைத்துக் கூட்டம் நடத்த வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது, பெரும்பாலும் குளிர்காலத்தில் நடக்கும். ஒரு தடவை போனேன். மேடையில் படம் படமாக ஓடியது, கேட்க வந்தவர்கள் ஆறு பேர், அதில் ரெண்டு பேர் அங்கேயே வேலை செய்பவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, கேட்டால் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். ஆனால் வீடு பார்க்கிறவருக்கு ஆகஸ்டில் வேண்டிய பதில் ஜனவரியில் கிடைத்து என்ன பிரயோஜனம். அப்புறம் தலைமையாசிரியரிடமிருந்து வருகிற கடிதம், அதில் நல்லதாக வந்த எண் கொட்டை எழுத்தில் இருக்கும். யார் எழுதினாலும் அப்படித்தான் எழுதுவார்கள்.

நாலாவது வழியைத்தான் நான் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறேன். மாநில அரசின் டிஎக்ஸ்ஸ்கூல்ஸ் தளத்துக்குப் போய், எழுத்துக்குப் பின்னால் இருக்கிற மூன்று பகுதிகளையும் விரித்து, ரெண்டு பள்ளிகளைக் காகிதத்தில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, மேஜையில் உட்கார்ந்து பேசுவது. நேரம் எடுக்கும், ஆனால் ஆட்கள் புரிந்துகொண்டு எழுந்து போகிறார்கள்.

அந்த மூன்று பகுதிகள் என்ன? ஒன்று, பிள்ளைகள் தேர்வில் எங்கே நிற்கிறார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை வாசிப்பும் கணக்கும், ஐந்திலும் எட்டிலும் அறிவியல், எட்டில் சமூக அறிவியல், இவற்றுக்கு ஸ்டார் என்கிற மாநிலத் தேர்வு. இரண்டு, வளர்ச்சி. மூன்று, பின்தங்குகிற பிள்ளைகளை, அதாவது வசதி குறைந்தவர்கள், ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்கள், சிறப்புக் கல்வி தேவைப்படுபவர்களை, பள்ளி எந்த அளவுக்கு மேலே கொண்டுவருகிறது என்பது. இதில் முதல் ரெண்டில் எது அதிகமோ அதை மட்டும் எடுத்து எழுபது சதவீதம், மூன்றாவதற்கு முப்பது சதவீதம். குறைவாக வந்ததைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இந்த ஒரு விதி தெரியாமல் எழுத்தைப் படிக்கவே முடியாது.

விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்களில் ஒரு கணக்கு. கிழக்குப் பள்ளிக்குத் தேர்வு நிலை 78, வளர்ச்சி 88, மூன்றாவது 74. அதிகமானது 88, அதில் எழுபது சதவீதம் 61.6. 74ல் முப்பது சதவீதம் 22.2. கூட்டினால் 83.8, அதாவது 84. மேற்குப் பள்ளிக்குத் தேர்வு நிலை 86, வளர்ச்சி 79, மூன்றாவது 80. 60.2ம் 24ம் சேர்ந்து 84.2, அதுவும் 84. ரெண்டுக்கும் பி. வாட்ஸப்பில் ரெண்டும் ஒன்று. ஆனால் கிழக்கில் பிள்ளைகள் கீழே இருந்து வந்து வருஷா வருஷம் ஏறுகிறார்கள், மேற்கில் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் வந்து அப்படியே நிற்கிறார்கள். ஆங்கிலம் தடுமாறுகிற, இந்தியாவிலிருந்து நடுவில் வந்து சேருகிற பிள்ளையை எங்கே போடுவீர்கள்? நான் கிழக்கில் போடுவேன்.

இதைச் சமூகக்கூடத்து மேஜையில் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற ஒரு அண்ணன் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார். "இது லேப் ரிப்போர்ட் மாதிரில்ல. மொத்தக் கொலஸ்ட்ரால் மட்டும் பாத்துட்டு யாரு மாத்திரை எழுதுவா? நல்லது எவ்வளவு, கெட்டது எவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்கணும்ல?" என்றார். அதற்கு மேல் நான் பேச வேண்டிய அவசியமே வரவில்லை, பக்கத்தில் இருந்தவர்களுக்கு அவரே விளக்க ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு ஓடின ஓட்டத்தில் உப்புமா ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

வளர்ச்சி என்றதும் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: என் பிள்ளை ஏற்கெனவே மேல்நிலையில் இருந்தால் எங்கே வளர்வது, அப்படிப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கு இது அநியாயம் இல்லையா? இல்லை. ஸ்டாரில் அப்ரோச்சஸ், மீட்ஸ், மாஸ்டர்ஸ் என்று கீழிருந்து மேலாக மூன்று படிகள், அதற்குக் கீழே தேறாதவர்கள். போன வருஷம் மாஸ்டர்ஸ் வாங்கிய பிள்ளை இந்த வருஷமும் மாஸ்டர்ஸ் வாங்கினால் பள்ளிக்கு முழுப் புள்ளி உண்டு. கீழே இறங்கினால்தான் போகும். மூன்றாம் வகுப்பில்தான் முதல் ஸ்டார் என்பதால் இந்த ஒப்பீடு நாலாம் வகுப்பிலிருந்துதான் தொடங்கும். வளர்ச்சிப் பகுதியில் இன்னொரு பாதியும் உண்டு. அது இதே அளவு ஏழைப் பிள்ளைகள் படிக்கிற மற்ற பள்ளிகளோடு ஒப்பிடுவது. இந்த ரெண்டிலும் அதிகமானதைத்தான் எடுப்பார்கள். ஆக, வளர்ச்சி 88 என்று பார்த்தால் அது எந்தப் பாதியிலிருந்து வந்தது என்று ஒரு சொடுக்கு உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.

தேர்வு நிலை எண்ணைப் பார்த்தும் பயந்துவிடுகிறார்கள். நூறு விடைத்தாள்களில் 80 அப்ரோச்சஸையாவது தொட்டவை, அதில் 45 மீட்ஸையும், அதில் 20 மாஸ்டர்ஸையும் தொட்டவை என்றால், 80, 45, 20 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பார்கள், 48 வரும். நாற்பத்தெட்டா, பெயிலா என்று ஒரு அம்மா கேட்டார். இல்லை, அது மூல எண், அதற்கப்புறம் அளவுகோலில் ஏற்றித்தான் எழுத்தாக மாற்றுவார்கள். எண்பது பேர் தேறிய வகுப்புக்கு 48 என்று பார்த்தால் யாருக்குத்தான் தலை சுற்றாது.

ஹைஸ்கூல் கதை தனி. அங்கே அந்த முதல் பகுதியிலேயே ஸ்டார் நாற்பது சதவீதம், படிப்பை முடித்தவர்கள் விகிதம் இருபது, மீதி நாற்பது கல்லூரிக்கோ வேலைக்கோ ராணுவத்துக்கோ தயாராகிப் போனவர்கள் எத்தனை பேர் என்பதற்கு. இந்தக் கடைசி விஷயத்தில் ஏ வாங்க 60 இருந்தால் போதும் என்றிருந்ததை 2023ல் 88 ஆக்கினார்கள். மாவட்டங்கள் கோர்ட்டுக்குப் போனதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். எனவே 2022ல் ஏ வாங்கிய ஹைஸ்கூல் அடுத்த வருஷம் பி, சி என்று இறங்கினால் வாத்தியார்கள் திடீரென்று தூங்கிவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை, கோட்டைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதோடு இந்தக் கணக்கு ஒரு வருஷம் பின்தங்கியே ஓடும். 2025 எழுத்தில் இருப்பது 2024ல் படிப்பு முடித்துப் போன பிள்ளைகள்.

சின்ன ஊர் என்பதற்காகவே தனியாகச் சொல்ல வேண்டியது எண்ணிக்கை. ஒரு வகுப்பில் 22 பேர் எழுதினால் ஒரு பிள்ளை என்பது நாலரை சதவீதம். தேர்வு அன்றைக்கு மூன்று பிள்ளைகள் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தால் பதிமூன்று சதவீதத்துக்கு மேல் போய்விடும். டாலஸில் ஒரு வகுப்பில் இருநூறு பேர் எழுதுகிற பள்ளியில் அந்த மூன்று பேர் இருந்த இடம் தெரியாது. அதனால் எங்கள் ஊர்ப் பள்ளி ஒரு வருஷம் பி, ஒரு வருஷம் சி என்று ஆடுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, மூன்று வருஷத்தைச் சேர்த்துப் பார்க்கிறேன். அரசு அறிக்கையில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருந்தால் அது மறைக்கிற வேலை என்று ஒருவர் சந்தேகப்பட்டார். அந்தக் குழுவில் பிள்ளைகள் மிகக் குறைவாக இருந்தால் யார் மதிப்பெண் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகப் போடுவது அது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த நட்சத்திரத்துக்குள்தான் இருக்கிறார்கள், ஏனென்றால் ஆசியப் பிள்ளைகள் என்று எண்ணினால் ஒரு வகுப்புக்கு ரெண்டு பேர்.

இன்னொன்று, அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை அந்தப் பள்ளியில் பதிவில் இருந்த பிள்ளைகளின் தேர்வுதான் கணக்கில் வரும். ஜனவரியில் விசா கிடைத்து வந்து சேர்கிற நம் பிள்ளைகள் தேர்வு எழுதுவார்கள், பள்ளியின் எழுத்தில் வரமாட்டார்கள். "என் பையன் வந்து ஸ்கூல் மார்க்கைக் குறைச்சிடுவானோ" என்று கூச்சப்பட்ட ஒரு அப்பாவுக்கு இதைச் சொன்னதும் முகம் தெளிந்தது.

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, இது பள்ளியைப் பற்றியது இல்லை, உங்கள் பிள்ளையைப் பற்றியது. அரசுத் தேர்வுத் தளத்தில் பெற்றோருக்கென்று பக்கம் உண்டு, பள்ளி கொடுக்கிற தனிக் குறியீட்டையும் பிள்ளையின் பிறந்த தேதியையும் போட்டால் ஸ்டாரில் எந்தக் கேள்வியில் சறுக்கினார்கள் என்பது வரை தெரியும். ஏற்கெனவே ஊரில் இருப்பவர்களுக்கு, வீடு மாற்றும் எண்ணம் இல்லாதவர்களுக்கு, பள்ளியின் எழுத்தைவிட இதைத்தான் நான் முதலில் காட்டுகிறேன். பள்ளி ஏ வாங்கியிருந்து நம் பிள்ளை பின்னத்தில் தடுமாறினால் அந்த ஏவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புதிதாக வருபவர்களுக்கு இது உதவாது, அவர்களிடம் போன வருஷ ஸ்டார் இருக்காது.

எழுத்துக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஏக்கும் பிக்கும் நடுவில் அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். எஃப் தொடர்ந்து வந்தால் அது விளையாட்டு இல்லை. ஐந்து வருஷம் தொடர்ச்சியாகத் தேறாத பள்ளி இருந்தால் மாநிலம் அந்தப் பள்ளியை மூட வேண்டும், இல்லை மாவட்ட நிர்வாகத்தையே கையில் எடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2023ல் ஹூஸ்டன் மாவட்டத்தை, அவ்வளவு பெரிய மாவட்டத்தை, ஒரு ஹைஸ்கூலின் தொடர் தோல்வியைக் காரணம் காட்டித்தான் மாநிலம் எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட பள்ளி என்றால் வாட்ஸப்பில் எழுத்தை மட்டும் போட்டாலே போதும், மேஜை போட்டு உட்கார வேண்டாம்.

ஆக எங்கள் முடிவு: வருஷா வருஷம் ஆகஸ்டில் எழுத்து வந்த அடுத்த சனிக்கிழமை, தமிழ் வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம், நாலாவது வழி. வர முடியாதவர்களுக்கு மூன்று நிமிஷக் குரல் பதிவு, அதில் எழுத்தைச் சொல்வதற்கு முன்னால் வளர்ச்சி எண்ணையும் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் சொல்லிவிடுவது. இந்த ஏற்பாடும் ரொம்ப நாள் ஓடாது. 2025ல் போட்ட புதுச் சட்டப்படி 2027-28லிருந்து ஸ்டாரே போய், வருஷத் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று சின்னத் தேர்வுகள் வருகின்றன. காகிதத்தை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.

திருப்பூர்க் குடும்பத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. அந்தப் பள்ளியின் பக்கத்தைத் திறந்து ரெண்டு பேரும் என் சமையலறையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அது கிண்டர்கார்டனிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை மட்டும் உள்ள பள்ளி. அங்கே யாரும் ஸ்டார் எழுதுவதே இல்லை. இந்த மாதிரிப் பள்ளிகளைப் பெரும்பாலும் அதே மாவட்டத்தில் பிள்ளைகள் அடுத்துப் போகிற பள்ளியோடு ஜோடி சேர்த்துவிடுவார்கள், அந்தப் பெரிய பள்ளியின் எழுத்து இதற்கும் வந்து ஒட்டிக்கொள்ளும். அவர்கள் பார்த்துப் பயந்த சி வேறு கட்டடத்துப் பிள்ளைகள் வாங்கியது. அவர்கள் மகளுக்கு ஐந்து வயசு. "அப்ப இந்த ஸ்கூலுக்குன்னு மார்க்கே இல்லையாக்கா?" என்றார் அவர். இல்லைப்பா, நேரில் போய்ப் பாருங்கள் என்றேன். திங்கட்கிழமை போய்ப் பார்த்தார்கள், செவ்வாய்க்கிழமை அட்வான்ஸ் கொடுத்தார்கள்.